எங்க வீட்டுல ஜக்கே கிடையாது

பஞ்சில் படுப்பவனுக்குத் தூக்கம், பஞ்சை அடிப்பவனுக்கு இருமல் என்று மெத்தைக்காரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். ஜக்குவுக்கு இருமலும் இருந்தது, வாயும் இருந்தது. இரண்டு இருமலுக்கு நடுவில் ஒரு வார்த்தையைச் செருகி, தலையணை உறை கேட்டு வந்தவரை மெத்தையோடு அனுப்பிவைக்கிற வாய்.

கீழே கடை, மேலே வீடு. கடைக்குள் நுழைந்தால் புதுத்துணியின் கஞ்சி வாசனை முதலில் மூக்கில் ஏறும். பின்னாலேயே பஞ்சுத்தூசி வந்து தும்ம வைக்கும். ஃபோம் பலகைகள் சுவரில் சாய்ந்து நிற்க, நடுவில் வெட்டு மேஜை. ஜன்னலோரம் தையல் மெஷின். அதில் உட்கார்ந்திருப்பவள் ஜக்குவின் மனைவி. ஊருக்கு அவள் மெஷின் அக்கா. அவள் பேசுவதைவிட மெஷின் பேசுவதுதான் அதிகம் என்பார்கள். அதுவும் பொய்யில்லை.

ஜக்கு என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. எதிரே சலூன் வைத்திருப்பவர் சூட்டியது. ஒரு காலத்தில் விடிந்ததும் விடியாததுமாக மெத்தைக்கடைக்காரர் ஈர மெத்தை ஒன்றைத் தோளில் சுமந்து வந்து மாடிக் கைப்பிடிச் சுவரில் போடுவார். கீழே தெருவைக் கூட்டிக்கொண்டிருக்கும் சலூன்காரர் அண்ணாந்து கேட்பார்.

"என்னய்யா, இன்னைக்கும் தண்ணி ஜக்கா?"

"ஆமாப்பா. தூக்கத்துல கை பட்டுடுச்சு."

"ஒரு ஜக்கைத் தட்டிவிடாமத் தூங்கத் தெரியலை. இவரு ஊரைத் தூங்க வைக்கப் போறாராம்."

தெரு சிரிக்கும். அவரும் சிரிப்பார். பெயர் ஒட்டிக்கொண்டது.

உண்மை அந்த வீட்டில் இருந்த மூன்று பேருக்குத்தான் தெரியும். மெத்தையை நனைத்தது மகள். சில பிள்ளைகளுக்கு அப்படித்தான், வளர வளரத் தானாகச் சரியாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பன்னிரண்டு வயதில் சரியாகிவிட்டது. அதுவரைக்கும் மகள் கண்விழிக்கும் முன்பே ஜக்கு அவளுக்கு வேறு துணி விரித்துப் போட்டு, நனைந்ததைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அவள் எழுந்து வந்தால், "அப்பா மறுபடி ஜக்கைத் தட்டிவிட்டுட்டேன் பாப்பா" என்பார். அவளும் தலையில் கைவைத்து, "போங்கப்பா, உங்களுக்கு வேற வேலையே இல்ல" என்பாள். இந்த நாடகம் ஒருநாளும் தவறியதில்லை. அந்த மகள் இப்போது வளர்ந்து, பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறாள்.

ஜக்குவின் வாய்க்கு ஒரு தொழில்முறை இருந்தது. கடைக்கு விளம்பர வரி யோசித்தால் அதைச் சாப்பிடும்போது சாதாரணப் பேச்சு மாதிரி சொல்வார். நல்லா இருக்கா என்று கேட்கவே மாட்டார். மறுநாள் மனைவியோ மகளோ அந்த வரியைத் தானாக எடுத்துச் சொன்னால் அது தேறிவிட்டது என்று அர்த்தம். சொல்லாவிட்டால் குப்பை.

"நல்லா இருக்கான்னு கேட்டா எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவான். நாக்குல ஒட்டுதான்னு பாக்கணும். ஒட்டுனா அவனே ஊரெல்லாம் கொண்டு போய்க் கொடுத்துடுவான். நாம சுமக்க வேண்டியதில்ல" என்பார்.

'நாங்க கண்ணு முழிக்கிறது நீங்க கண்ணு மூடத்தான்' என்று கடைப் பலகையில் இருக்கிற வரி அப்படித் தேறியது. மகள் பள்ளிக்கூடப் பாட்டு மாதிரி அதை மாடிப்படியில் பாடிக்கொண்டு இறங்கியிருந்தாள். பின்னாளில் அவளே அப்பாவின் வரிகளை அவர் குரலில் போனில் பதிவு செய்து வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிவைப்பாள். "இருமலை அப்புறம் வச்சுக்கங்கப்பா, இப்ப பேசுங்க" என்று அதட்டுவாள்.

அந்தக் கடைக்குத்தான் கெட்ட காலம் வந்தது. பெரிய சாலை முனையில் கண்ணாடி வைத்த ஷோரூம் திறந்தார்கள். உள்ளே குளுகுளுவென்று ஏசி. படுத்துப் பார்த்து வாங்கலாம் என்று போர்டு. சனங்கள் வெயிலுக்கு ஒதுங்கி அங்கே போய்ப் படுத்தார்கள். எழுந்து வரும்போது கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். இங்கே மெஷின் அக்கா பழைய திண்டுகளுக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருந்தாள். போதாக்குறைக்கு ஜக்கு, தண்ணீர் இறங்காத துணி ஒரு லோடு எடுத்துப் போட்டிருந்தார். மெத்தைமேல் மாட்டுகிற உறைக்கு. உருளை உருளையாக அது ஃபோம் பலகைக்குப் பக்கத்தில் நின்றது. வாங்க ஆளில்லை.

"வெயில்ல எவன் ரப்பர் துணி மேல படுப்பான்?" என்றாள் அவள்.

"மேல பருத்தி, அடியிலதான் ரப்பர். சொல்ற விதத்துல சொல்லணும்."

"சொல்லுங்க."

"வரலையே."

அவருக்கு வார்த்தை வரவில்லை என்பதை அன்றுதான் அவள் முதல்முறை கேட்டாள். கடை போனால் வேறு கடை பார்க்கலாம். இந்த மனிதர் வாயடைத்து உட்கார்ந்தால் என்ன செய்வது?

ஒரு மத்தியானம், மகள் வேலைக்குப் போயிருந்த நேரம். ரொட்டியும் முட்டையும் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன. ஜக்கு கை கழுவாமலே ஆரம்பித்தார். சாதாரணப் பேச்சு மாதிரிதான்.

"நான் மெத்தைக்கடைக்காரன். எங்க தெருவுல என் பேரு ஜக்கு. ராத்திரி தண்ணி ஜக்கைத் தட்டிவிட்டு மெத்தையை நனைக்கிறவன். ஊரே சிரிச்சுது, நானும் சிரிச்சேன். இன்னைக்கு உண்மையைச் சொல்லிடறேன். எங்க வீட்டுல ஜக்கே கிடையாது. ஒரு சின்னப் பொண்ணு இருந்தா. அவ முழிக்கறதுக்குள்ள மெத்தையை வெயில்ல போட்டுட்டு, நான்தான் தட்டிவிட்டேன்னு சொல்லுவேன். அவ தலை நிமிந்து பள்ளிக்கூடம் போனா. உங்க வீட்டுலயும் அப்படி ஒரு பிள்ளை இருக்கலாம். உறையை நாங்க தர்றோம். பொய்யை நீங்க சொல்லிக்கங்க."

மெஷின் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கக் கண்ணீர் வந்தது. அந்த விடியற்காலைகள், தோளில் மெத்தையோடு அவர் படியேறிய முதுகு, எல்லாம் கண்முன் வந்துவிட்டன.

"பாப்பாகிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா?" என்றாள் கடைசியில்.

"பேரு சொல்லலையே. ஒரு சின்னப் பொண்ணுன்னுதானே சொன்னேன்."

"ஜக்குன்னா யாருன்னு தெருவுக்கே தெரியும்."

"தெருவுக்குத்தானே."

அவள் மெஷினுக்குப் போய் நூல் சுற்றிய பாபினை மாட்டினாள்.

மறுநாள் டீக்கடை அம்மாள் பாத்திரத்தோடு வந்து நின்றாள். "அக்கா, கிளாஸெல்லாம் கழுவப் போட்டிருக்கேன். மூணு பேருக்கும் சேத்து ஊத்திடறேன், ஒரு ஜக்கு இருந்தா குடுங்க."

தையலில் கண்ணை வைத்தபடியே மெஷின் அக்கா சொன்னாள். "எங்க வீட்டுல ஜக்கே கிடையாது."

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. வெட்டு மேஜையிலிருந்து ஜக்கு நிமிர்ந்து பார்த்தார். வெகுநாளைக்குப் பிறகு அவர் முகத்தில் வெளிச்சம். அந்த வெளிச்சத்தை ஊதி அணைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மகளிடம் கொடுக்காமல், போன் ரிப்பேர் கடைக்காரரிடம் போய்ப் பேச்சைப் பதிவு செய்து வாடிக்கையாளர்களுக்கு அனுப்பினார். பின்னணியில் மெஷின் ஓடுகிற சத்தம் வேண்டும் என்றாராம் ரிப்பேர்காரர். அதையும் அவள்தான் ஓட்டிக் கொடுத்தாள்.

முதலில் சலூன்காரர்தான் சாலையைக் கடந்து வந்தார். கையில் சீப்பு, முகத்தில் அழுகை.

"பாவி மனுஷா. இத்தனை வருஷம் என் வாயால உன்னைக் கிண்டல் பண்ண வச்சிட்டியே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா நீ ஊரெல்லாம் சொல்லியிருப்பே."

"இப்ப நீயே சொல்லிட்டியே" என்றார் சலூன்காரர். அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். மெஷின் அக்காவுக்குக் கையில் ஊசி ஏறியது போலிருந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சுக்குக் கால் முளைத்தது, இறக்கை முளைத்தது. பஸ்ஸில் கேட்டது. காய்கறிக்கடையில் கேட்டது. முகம் தெரியாத ஊர்களிலிருந்து போன் வந்தது. ஷோரூம் வாசலில் நிற்கிற காவலாளி டீ குடிக்க வந்தவர், "எங்க முதலாளியே அதைக் கேட்டுட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தார்" என்றார். ஜக்கு இருமிக்கொண்டே சிரித்தார். "நாக்குல ஒட்டிடுச்சு பாத்தியா" என்றார் மனைவியிடம். ரப்பர் துணி உருளைகள் குறைய ஆரம்பித்தன.

ஒருநாள் மகள் வழக்கத்துக்கு முன்பாகவே வந்தாள். செருப்பைக் கழற்றாமல் படியேறினாள். ஜக்கு மேலேதான் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார்.

"பல்லு பிடுங்க வந்த ஒரு ஆளுப்பா. கன்னம் இத்தாம் பெரிசு வீங்கியிருக்கு. வலியில அழுறார்னு தண்ணி கொண்டு போய்க் குடுத்தேன். வலி இல்லம்மா, இதைக் கேளு, இந்த மாதிரி அப்பா யாருக்குக் கிடைப்பாங்கன்னு போட்டுக் காட்டினார். உங்க இருமல் கேட்டுச்சு. அம்மாவோட மெஷின் கேட்டுச்சு."

"பாப்பா, உன் பேரை..."

"அங்க இருந்த எல்லாரும் கேட்டாங்க. நல்லா இருக்குன்னு நானும் சொன்னேன். நர்ஸ் அக்காவுக்கு மட்டும் நம்ம கடை தெரியும். அவங்க என்னைப் பாத்தாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா பாத்தாங்க."

"கேலி பண்ணாங்களா? யாரு சொல்லு, நான் வந்து..."

"கேலி பண்ணியிருந்தா திருப்பிக் குடுத்திருப்பேன்ப்பா. யாருமே கேலி பண்ணலை. டாக்டரம்மா தனியா கூப்பிட்டு, இதுக்குன்னே ஒரு டாக்டர் இருக்கார், போய்ப் பாரும்மான்னு சீட்டுக் குடுக்கிறாங்க. அது எப்பவோ நின்னு போச்சுன்னு நான் யாருகிட்டன்னு போய்ச் சொல்லுவேன்? கேட்டாத்தானே சொல்ல முடியும். யாரும் கேக்கலை. நான் எழுந்ததும் நாற்காலியைப் பாக்கறாங்க."

ஜக்கு கட்டிலில் உட்கார்ந்தார். சட்டையில் ஒரு கைதான் மாட்டியிருந்தது.

"உன்னைப் பெருமையாத்தான் பாப்பா சொன்னேன்."

"உங்களைப் பெருமையா சொன்னீங்க" என்றாள் மகள். குரல் உயரவில்லை. "அந்தப் பொய் நமக்குள்ள இருந்துச்சு. எனக்கு அஞ்சாறு வயசுலயே தெரியும்ப்பா. நான் நம்பறேன்னு நீங்க சந்தோஷப்படுவீங்களேன்னு தலையில அடிச்சுக்கிட்டு நடிப்பேன். அது மட்டும்தான் என்கிட்ட உங்களுக்குன்னு இருந்த பொருள். அதைக் கடைக்கு எடுத்துட்டுப் போயிட்டீங்க."

பிறகு, பின்னாலேயே படியேறி வந்திருந்த அம்மாவின் பக்கம் திரும்பினாள். "நீ கேட்டியாம்மா, போடறதுக்கு முன்னாடி?"

மெஷின் அக்கா தரையைப் பார்த்தாள்.

சொன்னதைத் திருப்பி வாங்க ஜக்கு அலைந்தார். ரிப்பேர்காரரிடம் போய், "எல்லார் போன்லேர்ந்தும் அதை எடுத்துடு தம்பி" என்றார். ரிப்பேர்காரர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார்.

"தலையணையைக் கிழிச்சு மொட்டைமாடியில உதறினீங்க அண்ணே. இப்ப பஞ்சைப் பொறுக்கித் தரச் சொல்றீங்க. உங்க தொழில்தானே, உங்களுக்குத் தெரியாதா?"

"அப்ப இன்னொண்ணு பேசறேன். அதை அனுப்பு."

இந்த முறை யோசிக்கவில்லை, சாப்பாட்டில் சொல்லிப் பார்க்கவில்லை. கடையில் நின்றபடியே பேசினார். "நான் மெத்தைக்கடை ஜக்கு. முன்னாடி சொன்னது பொய். வியாபாரத்துக்காகச் சொன்னேன். எங்க வீட்டுல எந்தப் பொண்ணும் எதையும் நனைக்கலை. ஜக்கைத் தட்டிவிட்டது நான்தான். சத்தியமா நான்தான்." அதன்பின் இருமல். இருமல் அடங்கியதும் மறுபடி, "நான்தான்."

இரண்டு நாள் சத்தமில்லை. தப்பித்தோம் என்று ஜக்கு மூச்சு விட்டார். மூன்றாம் நாள் சலூன்காரர் மறுபடி சாலையைக் கடந்து வந்தார். இந்த முறை கட்டிப்பிடித்தார்.

"இப்பவும் பொண்ணை விட்டுக் குடுக்கலை பாரு. அப்பன்னா நீதான்யா அப்பன்."

"டேய், நான் உண்மையைச் சொல்றேன்டா."

"தெரியும், தெரியும். நீ சொல்லு. நாங்க நம்பிக்கிறோம்" என்று கண்ணடித்தார் சலூன்காரர்.

யாரோ இரண்டு பேச்சையும் ஒட்டி ஒன்றாக்கிவிட்டார்கள். முதலில் உண்மை, அப்புறம் மகளுக்காக அப்பா சொல்லும் பொய். முதலாவதைவிட இது வேகமாகப் போயிற்று. 'சத்தியமா நான்தான்' என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் தெருவில் சொல்லிக்கொண்டு போனார்கள். ஜக்கு வெட்டு மேஜையின் அடியில் கிடந்த துண்டுத்துணி மூட்டைமேல் உட்கார்ந்து அதைக் கேட்டார். வாழ்நாளில் அவர் சொன்ன பொய்களிலேயே இதை மட்டும்தான் ஊர் நம்ப வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். இதை மட்டும் ஊர் நம்பவில்லை.

மகள் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டாள். பெண்கள் விடுதியில் நான்கு பேருக்கு ஓர் அறை. கிளம்பும்போது ஜக்கு பெட்டியை வாங்கத் தோளைக் காட்டினார். அவள் தரையில் உருட்டிக்கொண்டே போனாள். அவள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அவர் ஜன்னலருகே போய் நின்று, என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். அவள் சொன்னாள். "எதுவும் சொல்லாதீங்கப்பா. நீங்க சொன்னா அது நாக்குல ஒட்டிக்கும்."

அன்றிலிருந்து அவர் பேச்சைக் குறைத்துவிட்டார். வாடிக்கையாளர் வந்தால் அளவு கேட்பார், ரசீது எழுதுவார். கடைப் பலகையை இறக்கிவிடலாமா என்று ஒருநாள் கேட்டார். அவள் மெஷினை ஓட்டினாள், அவர் இறக்கவில்லை.

மழைக்காலம் வந்தது. மெத்தைக்காரர்களுக்கு அது பசிக்காலம், பஞ்சு காயாது, அடித்தால் கட்டி கட்டியாக விழும். இந்த வருடம் அப்படியில்லை. உறைக்கு ஆர்டர் குவிந்தது. மெஷின் அக்காவின் முழங்கால் வீங்கியது. ரப்பர் துணியில் ஊசி வழுக்கும், மெழுகு தடவித் தடவித் தைக்க வேண்டும். தைத்துத் தைத்து விரல்நுனிகள் மரத்துவிட்டன. ஒவ்வொரு உறையின் மூலையிலும் சின்னப் பட்டை ஒன்று வைத்துத் தைக்க வேண்டும். அதில் அச்சடித்திருந்தது: உறையை நாங்க தர்றோம், பொய்யை நீங்க சொல்லிக்கங்க. அந்தப் பேச்சு பரவத் தொடங்கிய நாளில் மொத்தமாக அடித்து வைத்தது.

ஒருநாள் குடையை மடக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். கூட ஏழெட்டு வயதுச் சிறுமி.

"அந்த அப்பா கடை இதுதானேங்க? இவளுக்குத்தான். வெக்கப்படாதடி, அந்த அக்காவே வளந்து பெரியாளாகிட்டாங்களாம்."

கடையில் வேறு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். சிறுமி சுவரில் சாய்ந்திருந்த ஃபோம் பலகையில் விரலால் குழி போட்டு, அது நிமிர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ பள்ளிக்கூடத்துல இந்த மாதிரி பசங்களுக்கு ஜக்குன்னே பேரு வச்சிருக்காங்களாம். பாருங்களேன், எவ்வளவு தூரம் போயிருக்கு" என்றாள் அந்தப் பெண் பெருமையாக.

ஜக்கு வெட்டுக் கத்தியை மேஜையில் வைத்தார். மாடிப்படி ஏறிப் போனார். மேலே இருமுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

"அளவு சொல்லுங்க" என்றாள் மெஷின் அக்கா.

மறுநாள் மத்தியானம் மகளிடமிருந்து போன் வந்தது. அவள் அம்மாவிடம் மட்டும்தான் பேசுவாள். வெளியே மழை இரைந்துகொண்டிருந்தது. மெஷின் அக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். ஜக்கு வெட்டு மேஜையில் குனிந்திருந்தார், கத்தரிக்கோல் மட்டும் ஓடவில்லை.

"சாப்பிட்டியா?"

"ம். நேத்து ரூம்ல ஒருத்தி எனக்கு அதை அனுப்பினாம்மா. கேளுடி, நீ அழுதுடுவேன்னா."

"நீ என்ன சொன்னே?"

"கேட்டேன். நானும் ரெண்டு பேருக்கு அனுப்பினேன்."

"ஏம்மா நீயே போய்..."

"எல்லாரும் அனுப்பறாங்க. நான் மட்டும் அனுப்பலைன்னா ஏன்னு கேப்பாங்க." அடுத்துச் சொன்னாள். "அம்மா, ஒரு உறை வேணும். ஒத்தை ஆள் அளவு. மூலையில பட்டை வைக்காம தச்சு அனுப்பு."

மெஷின் அக்காவுக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது எழுந்து நின்றாள்.

"ஒத்தை ஆள் உறையா, உனக்கா? மறுபடியுமா?"

"ரெண்டு வாரமா. தினமும் இல்ல. பயந்து பயந்து முழிச்சுக் கிடக்கேன். எப்பவாவது கண்ணு அசந்தா..."

"யாருக்காவது தெரியுமா?"

"இன்னும் இல்ல. விடியறதுக்குள்ள எழுந்து துவைச்சிடறேன். மழையில காய மாட்டேங்குது."

அம்மாவுக்கு ஒன்றுதான் தோன்றியது. அந்த வீட்டில் எப்போதும் தோன்றியது அதுதான். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "பயப்படாத. கட்டில் பக்கத்துல ஒரு தண்ணி ஜக்கு வாங்கி வச்சுக்க. யாராச்சும் பாத்தா, தூக்கத்துல கை பட்டுடுச்சுன்னு..."

பாதியிலேயே வாய் நின்றது. மகள் மெதுவாகச் சொன்னாள், சின்ன வயதில் அம்மாவுக்குப் பாடம் ஒப்பிப்பாளே, அந்த நிதானத்தில்.

"அதைச் சொன்னா இப்ப உடனே கண்டுபிடிச்சிடுவாங்கம்மா. எல்லாருக்கும் தெரியும்."

போனை வைத்துவிட்டு அவள் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். ஜக்கு உருளையை உருட்டி, ஒற்றை ஆள் அளவுக்குத் துணி வெட்டினார். கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார். மூலைப் பட்டைகள் இருந்த டப்பாவை அவள் கைக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளிவைத்தார்.